நேர்ஸம்மாவின் காலடியில் வைத்த பொங்கல்

பிள்ளைகள், பெட்டி அடிப்பதையும் பட்டி இறுக்குவதையும் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்லித்தர லாசால் களஞ்சியத்தில் இப்போதும் நல்ல கைகள் இருக்கின்றன. அவர்கள் என்னைவிட நன்றாகச் செய்வார்கள், என்னைவிடக் குறைவாகத் திட்டுவார்கள். மன்னாரில் இருந்து வந்து, மொன்றியலில் ஒரு தையல் ஆலையில் தொடங்கி, தடித்த துணியில் பஞ்சு வைத்துத் தைக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியோடு இந்தத் தொழிலுக்குள் நுழைந்தவள் நான். ஓவியமும் சிலையும் அடிபடாமல் ஊர்விட்டு ஊர் போக வேண்டும், அவ்வளவுதான் எங்கள் வேலை. கடைசியில் ஒரு கூட்டம் ஆம்பிளைகளை மேய்க்கும் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். ரீற்றாக்காவின் வாய் எப்படிப்பட்டது என்று அவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

நீங்கள் என்னிடம் கேட்டது வேறு விஷயம். புதிதாகச் சேர்ந்தவர்களோடு கதைக்க வா என்று கூப்பிட்டீர்கள், வந்தேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருத்தி, "அக்கா, ஏதாவது பிழைச்சுப் போனால் முதல்ல என்ன செய்யிறது?" என்று கேட்டாள். வாய்க்கு வந்த எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டு பஸ் ஏறினேன். நோத்ர-டாம்-த-கிரேஸில் என் வீட்டு வாசல் மட்டும் அந்தக் கேள்வி என்னோடு கூட வந்தது. பதில் எனக்குத் தெரியும். அதை நான் கற்றது ஒரு தைப்பொங்கல் காலையில்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மாவோரி மக்களின் மரச்செதுக்கல்களை வைத்து இங்கே ஒரு கலைக்கூடம் கண்காட்சி நடத்தியது. மாவோரிகள் நியூசிலாந்தின் பூர்வீகக் குடிகள். நான் என்னவோ நூதனசாலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய முகமூடிகள் வரப்போகின்றன என்று நினைத்தேன். வந்த பெட்டிகளைத் திறந்தால் ஒரு பள்ளிக்கூடத்தின் வாசல் நிலை, சுருள் சுருளாகச் செதுக்கிய ஒரு கிற்றார், ஒரு குழந்தைத் தொட்டில், தூண்டில் வடிவத்தில் எலும்புப் பதக்கங்கள். எல்லாம் இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்கள் இன்றைய வீட்டுக்கும் தெருவுக்கும் செதுக்கியவை. பதக்கம் ஒன்றின் கயிற்றில் யாரோ ஒருவருடைய சவர்க்கார வாசம் இன்னும் இருந்தது. கழுத்தில் போட்டுக்கொண்டு குளித்து, வேலைக்குப் போய், கழற்றித் தந்திருக்கிறார்கள்.

கடைசியாக வந்தது ஒரு தூண். கப்பலில் வந்து, மொன்றியல் துறைமுகத்தில் இறங்கி, லொறியில் லாசாலுக்கு வந்தது. அதற்குத் துணையாக நியூசிலாந்தில் இருந்து இரண்டு பேர் விமானத்தில் வந்திருந்தார்கள். ஒருவர் அதைச் செதுக்கியவர், பெயர் வீரெமு, ஐம்பது வயது இருக்கும், கதவை அடைக்கிற மாதிரி ஒரு உருவம். மற்றவர் அவருடைய அம்மாவின் தங்கை. அந்தப் பெண்ணின் பெயர் என் வாயில் நுழையவில்லை. அம்மாவின் தங்கை என்றால் நமக்குச் சின்னம்மாதானே, எனக்குள் அப்படியே வைத்துக்கொண்டேன்.

பெட்டி லொறியில் இருந்து இறங்கியதும் அந்தச் சின்னம்மா களஞ்சிய வாசலில் நின்று நீண்ட குரலில் கூப்பிட்டார். பாட்டும் இல்லை, அழுகையும் இல்லை, இரண்டும் சேர்ந்த ஒரு குரல். போர்க்லிப்ட் ஓட்டியவன் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். வீரெமு பெட்டியின் மேல் கையை வைத்து அதனோடு கதைத்தார். பயணம் எப்படி இருந்தது, குளிர் எப்படி என்று கேட்கிற தொனி.

பெட்டியைத் திறந்தபோது எனக்கு விளங்கியது. உள்ளே ஒரு பெண் படுத்திருந்தார், ஆள் உயரத்தில். நீலமும் பச்சையுமாக மின்னும் சிப்பிக் கண்கள். வாய்க்குக் கீழே நாடியில் பச்சை குத்திய கோடுகள். தோளில் இருந்து முழங்கால் வரை நெளிநெளியாகச் செதுக்கு வேலை. மார்பில் தலைகீழாகத் தொங்கும் ஒரு சின்ன மணிக்கூடு, நேர்ஸ்மார் குத்தியிருப்பார்களே, அது. மரத்திலேயே செதுக்கியது, முள்ளோடு.

"என் அம்மா," என்றார் வீரெமு. அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "எங்கள் ஊர் கிளினிக்கில் வாழ்நாள் முழுக்க நேர்ஸ். செத்த பிறகு அந்தக் கிளினிக் வாசலில் நிற்கச் செதுக்கினேன். உள்ளே போகிறவர்கள் அவருடைய கையைத் தொட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளை பெற்றவர்கள் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுவார்கள். சின்னப் பிள்ளைகள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், நான் ஒன்றும் சொல்வதில்லை. அம்மாவும் சொல்லியிருக்க மாட்டார்."

ஊர்க்காரர்கள் அவரை வெளிநாட்டுக்கு அனுப்ப லேசில் சம்மதிக்கவில்லையாம். இறங்கிய இடம் பழகும் மட்டும் அவரைத் தனியே விடமாட்டேன், போன மாதிரியே திருப்பிக் கொண்டுவருவேன் என்று வீரெமு எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் எங்கள் களஞ்சியத்தில் வேலை முடிந்த பிறகு வெளியாட்கள் தங்க முடியாது. காப்புறுதிக்காரர்களின் சட்டம். அன்று பின்னேரம் அம்மாவை எங்கள் பெரிய மண்டபத்தில் மேடையில் நிற்க வைத்துவிட்டுப் போகும்போது வீரெமு திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இன்று இரவு அம்மா தனியாக இருக்கப் போகிறார்," என்று யாருக்கும் சொல்லாமல் காற்றுக்குச் சொன்னார். நானும் கேட்டேன், என்னோடு நின்ற யோகனும் கேட்டான்.

யோகனைப் பற்றிச் சொல்லவேண்டும். மட்டக்களப்புப் பொடியன் என்று நான் சொன்னாலும் அப்போதே நாற்பதைத் தொட்டவன். களஞ்சியத்தில் அவனைப்போலப் பக்குவமான கை வேறு யாருக்கும் கிடையாது. காலையில் திருநீறு பூசாமல் வேலைக்கு வரமாட்டான். எந்த நாட்டுச் சாமியின் சிலை வந்தாலும் தூக்குவதற்கு முன்னால் ஒருதரம் கும்பிடுவான். நாங்கள் பகிடி பண்ணுவோம். "புத்தர், யேசு, எகிப்துப் பூனை, ஒருத்தரையும் விடமாட்டாய் போல" என்று நானே கேட்டிருக்கிறேன். "கும்பிட்டால் குறைஞ்சு போயிருவனாக்கா?" என்பான்.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். கலைக்கூடத்தின் சார்பில் வந்து போகும் பொருட்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தவர் ஒரு கியூபெக்காரப் பெண். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது, மதாம் என்றே விடுகிறேன். என் தொழில் அறிவில் பாதி அவரிடம் கேட்டுத் தெரிந்தது. நான் சேர்ந்த புதிதில் ஒருவன் பீங்கான் ஜாடியொன்றை உடைத்துவிட்டு, பயத்தில் துண்டுகளையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டான். மதாம் அவனைத் திட்டவில்லை. "உடைந்தது ஒரு நட்டம், அள்ளியது இரண்டாவது நட்டம்," என்றார். துண்டு எங்கே விழுந்தது, எப்படிக் கிடந்தது என்று தெரிந்தால்தான் திருத்துகிறவர் திருத்தலாம். உடைந்தால் கையை எடு, அப்படியே நில், தெரிந்தவரைக் கூப்பிடு. இதை நீங்களும் முதல் நாளே கேட்டிருப்பீர்கள். ஜாடிக்கு மட்டும்தான் என்று நினைத்திருப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் தைப்பொங்கல். மூக்கு உறைகிற குளிர். நான் களஞ்சியக் கதவைத் திறந்ததும் பாலும் சர்க்கரையும் வறுத்த பயறும் ஏலக்காயுமாக ஒரு வாசம் வந்தது. சாப்பாட்டு அறையில் இருந்து வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அது பெரிய மண்டபத்தில் இருந்து வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நேர்ஸம்மா நின்ற மேடைக்கு முன்னால், அவருடைய காலடியில், தரையில் ஒரு வாழையிலைத் துண்டு. அதில் ஒரு அகப்பை பொங்கல், ஆவி இன்னும் பறந்தது. பக்கத்தில் யோகன் கைகூப்பி நின்றான்.

"யோகன்! உனக்கென்ன விசரா? கதவில ஒட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையா?"

எங்கள் மண்டபக் கதவில் அறிவித்தல் ஒன்று காலம்காலமாக இருந்தது. சாப்பாடோ குடிவகையோ உள்ளே கொண்டுவரக் கூடாது. எறும்பு வரும், கறை பிடிக்கும் என்பதற்காக. இந்தக் கண்காட்சிக்காக வந்த அறிவுறுத்தலிலும் அதே வசனம் இருந்ததால் யாரும் அதைப் புதிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அது நாங்க சாப்பிடக் கூடாது எண்டுதானேக்கா," என்றான் யோகன் அமைதியாக. "இது சாப்பாடு இல்லையே, படையல். அந்த மகன் நேத்து என்ன சொன்னவர்? அம்மா தனிய இரிக்கப் போறா எண்டார். அதான் வெள்ளன வந்த நான். வீட்ட பொங்கி, வந்த அம்மாக்கு வைக்காம நாங்க எப்படியக்கா திங்கிற?"

அவன் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. நான் வேதக்காரிதான், ஆனால் நாங்களும் பொங்கி மாதாவின் முன்னால் வைத்துத்தான் கை வைப்போம். தூரத்தில் இருந்து வந்த தாய், பொங்கல் நாள், முதல் பிடி அவருக்கு. எந்தத் தமிழ் வீட்டிலும் இதுதானே நடக்கும். இலையை எடுத்து வை, எறும்பு வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது மதாம் உள்ளே வந்தார்.

அவருடைய முகத்தில் இருந்து இரத்தம் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். "ரீற்றா, அது சமைத்ததா?" என்று கேட்டார். ஓம் என்றேன். கையில் இருந்த கோப்பிக் கோப்பையை வாசலுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

மாவோரிகளுக்குச் சமைத்த சாப்பாடு என்பது புனிதத்தைக் கழற்றிவிடுகிற பொருள். இறந்தவரின் உருவத்துக்கு முன்னால் அதை வைத்தால் அவரை இறக்கிச் சாதாரணமாக்குவதாக அர்த்தம். பழைய காலத்தில் எதிரியைக் கேவலப்படுத்த வேண்டுமென்றால் சாப்பாட்டை வைத்துத்தான் செய்தார்களாம். அந்த ஊர் கிளினிக்கில்கூட இந்த அம்மா வாசலுக்கு வந்த அன்றே தேத்தண்ணி மேசையை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்களாம். பிள்ளைகள் தொடலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம், பிஸ்கட்டோடு பக்கத்தில் வர முடியாது.

யோகனுக்குப் பிரெஞ்சு அவ்வளவு ஓடாது. நான் தமிழில் சொன்னேன். நம்மிடம் ஒருவரைப் பெரிதாக்கச் செய்வது அவர்களிடம் ஒருவரைச் சிறிதாக்கச் செய்வது, அதைத்தான் நீ செய்திருக்கிறாய் என்று. அவன் கூப்பிய கையைப் பிரிக்காமல் அப்படியே நின்றான். பிறகு தரையில் குந்திவிட்டான்.

எங்கள் முகாமையாளர் வந்து சேர்ந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்குக் கண்காட்சி திறக்கிற நாளைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. "எடுங்கள், துடையுங்கள், கதவைத் திறந்து வாசத்தை விடுங்கள். அவர்கள் வரும் நேரம். பார்க்காத விஷயம் நடக்காத விஷயம்," என்றார். யோகன் பக்கம் விரலை நீட்டி, "இது வெளியில் வந்தால் இந்த ஆளுக்கு இன்றோடு வேலை இல்லை," என்றும் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் என் கண்ணும் துணிச் சுருளுக்குத்தான் போனது. இலையை மடித்து எடுக்க எவ்வளவு நேரம்? யோகனின் வேலையும் தப்பும், கண்காட்சியும் நடக்கும், ஒரு மகனின் மனசும் நோகாது. மூன்று பேருக்கு நல்லது மாதிரித்தான் தெரிந்தது.

மதாமின் ஜாடிதான் என்னைத் தடுத்தது. என்னிடம் துணி இருந்தது, தண்ணீர் இருந்தது. எதைத் துடைப்பது என்பது எனக்குத் தெரியாது. அழுக்கு பட்டது தரையில் இல்லையே. நான் துடைத்தால் தரை சுத்தமாகும், நடந்தது அப்படியே இருக்கும். இந்த அம்மா அதைச் சுமந்துகொண்டு கலைக்கூடத்துக்குப் போவார், பிறகு ஊருக்குப் போவார், கிளினிக் வாசலில் நிற்பார். பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. எங்களுக்கு மட்டும் தெரியும்.

"ஒருத்தரும் கை வைக்கக் கூடாது," என்றேன். முகாமையாளர் என்னை முறைத்தார். "உடைந்தால் கையை எடு என்று நீங்கள்தானே சுவரில் எழுதி வைத்திருக்கிறீர்கள். இது உடைந்துவிட்டது. திருத்தத் தெரிந்தவர்கள் வருகிறார்கள்," என்றேன். மதாம் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

யோகன் எழும்பினான். "நான்தான் சொல்லுவன். அம்மாக்குச் செய்த பிழையை மகனுக்கு ஒளிக்கிறதா? மறுகா எந்த முகத்தோட நான் இவவைத் தூக்கிற?"

"சொல்லு. ஆனால் முதல் வசனத்திலேயே நடந்ததைச் சொல்லிப்போடு. ஏன் செய்தன் எண்ட கதை பேந்து. அவை கேட்டால் மட்டும் சொல்லு, கேக்காட்டி விடு."

பிள்ளைகள், இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பிழை விட்டவர் முதலில் காரணத்தைச் சொல்லத் தொடங்கினால், கேட்கிறவருக்கு அது தன்னைச் சமாதானப்படுத்துகிற வேலையாகத்தான் தெரியும். என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன்பே மன்னிக்கச் சொல்லிக் கேட்பது மரியாதை இல்லை. நடந்ததை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதை வைத்து அவர் கோபப்படட்டும், அழட்டும், எழும்பிப் போகட்டும். அந்த உரிமை அவருடையது.

டாக்சி வந்து நின்றது. அவர்கள் மண்டபத்துக்குள் வந்து தாங்களாகக் கண்டுபிடிக்க விடக்கூடாது என்று நாங்கள் வெளி வாசலுக்கே போனோம். யோகனுக்குத் தெரிந்த ஆங்கிலம் லொறிச் சாரதிகளோடு கதைக்கிற ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டு சொன்னான்.

"சேர், நான் உங்கட அம்மாவுக்கு முன்னால சமைச்ச சோறு வைச்சிட்டன். இப்பவும் அங்கதான் இருக்கு. நான்தான் வைச்சனான்."

வீரெமு முதலில் விளங்காதவர்போல நின்றார். பிறகு அந்தப் பெரிய முகம் சுருங்கியது. அவர் யோகனை அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன், நடுவில் போக ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன். அவர் திரும்பிப் பனிக்குள் நடந்து போனார். கோட்டின் பொத்தான்கூடப் போடவில்லை. லொறிகள் நிற்கும் இடத்தின் கடைசியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். தோள் மட்டும் ஆடியது.

சின்னம்மா போகவில்லை. யோகனைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அது அவர் மேல் பட்டதா?"

"இல்லை. கீழே. இலையில."

"தலைக்குக் கிட்டக் கொண்டுபோனாயா?"

"இல்லை."

"நீ அதில் சாப்பிட்டாயா?"

யோகன் திடுக்கிட்டான். "இல்லையம்மா. முதல் அவவுக்கு. எங்கட ஆக்கள் அப்படித்தான், பெரியவங்களுக்கு முதல்."

காரணம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு பனியில் மெதுவாக நடந்துபோய் அக்காவின் மகனுக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் தங்கள் பாஷையில் கதைத்தார்கள். எங்களுக்குக் காது விறைத்தது, ஆனாலும் யாரும் உள்ளே போகவில்லை.

திரும்பி வந்து சின்னம்மா இரண்டு விஷயம் கேட்டார். ஒரு பாத்திரம் நிறையச் சுத்தமான தண்ணீர். மற்றது, வைத்தவனே அதை எடுக்க வேண்டும். யோகன் குனிந்த தலையோடு உள்ளே போய் இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். கதவு சாத்தப்பட்டது. உள்ளே இருந்து வீரெமுவின் குரல் மந்திரம்போல ஒரே ஓட்டமாக வந்தது, இடையிடையே தண்ணீர்ச் சத்தம். பிறகு சின்னம்மா அழுதார். அக்காவுக்காக அழுகிற அழுகை எந்தப் பாஷையிலும் விளங்கும். என்னாலும் தாங்க முடியவில்லை, நானும் அழுதேன்.

கதவு திறந்தபோது வீரெமு முகாமையாளரிடம் சொன்னார், திறப்பு விழாவுக்கு அம்மா வரமாட்டார். சில நாள் தாங்கள் இரண்டு பேரும் இங்கேயே அவரோடு இருக்கப் போவதாகவும், அவர் தெளிந்த பிறகு பார்க்கலாம் என்றும் சொன்னார். முகாமையாளர் காப்புறுதி, சட்டம் என்று தொடங்கினார். "பொறுப்பு என்னுடையது," என்று மதாம் அவரை வெட்டினார். திறப்பு விழாவில் கலைக்கூடத்தின் நடுமேடை வெறுமையாகத்தான் இருந்தது, சில நாள் கழித்துத்தான் அம்மா அங்கே போய் நின்றார். அதற்காக மதாம் மேலிடத்தில் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. யாருக்கும் அவர் யோகனின் பெயரைச் சொல்லவில்லை.

பிறகு வீரெமு யோகனுக்கு முன்னால் வந்து நின்றார். "நான் கோபமாக இருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாளைக்கு இருப்பேன்," என்றார். "ஆனால் நீ சொல்லாமல் விட்டிருந்தால், போன மாதிரியே கொண்டுவந்திருக்கிறேன் என்று ஊர் முன்னால் நின்று சொல்லியிருப்பேன். என் அம்மாவை வைத்தே பொய் சொல்லியிருப்பேன்."

சின்னம்மா என் பக்கம் திரும்பி, "அந்தச் சோற்றின் மிச்சம் எங்கே?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழிபாடு முடிந்தால் சாப்பிட வேண்டுமாம், சாப்பிட்டால்தான் மனிதர்கள் பழையபடி சாதாரண உலகத்துக்கு வரலாமாம். அதற்கு இடம் வேறு, நேரம் வேறு, அவ்வளவுதான். எங்கள் சாப்பாட்டு அறையில் யோகனின் எவர்சில்வர்ப் பாத்திரத்தைத் திறந்து, ஆறிப்போன பொங்கலைக் காகிதத் தட்டுகளில் போட்டு எல்லாரும் சாப்பிட்டோம். வீரெமுவும் சாப்பிட்டார், யோகனை நிமிர்ந்து பார்க்காமல்.

முகாமையாளர் யோகனை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார். நான் என் வாயைத் திறந்தேன். அதற்குக் கொஞ்சம் பலன் கிடைத்தது. அதைவிடப் பெரிய பலன் வீரெமு கொடுத்தது. ஊருக்குத் திரும்பும் முன் அவர் மதாமிடம், "அம்மா வீட்டுக்கு வரும்போது அந்த மனிதன்தான் பெட்டியில் வைக்க வேண்டும். வேறு யாரும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யோகனைத் தொட முகாமையாளருக்குத் துணிவு வரவில்லை.

கண்காட்சி முடிந்தது. ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடிய காலத்தில் வீரெமு அம்மாவைக் கூட்டிப்போக வந்தார். அன்று காலை யோகன் வந்ததுமே என்னிடம் சொன்னான். "வீட்டுக்காரி பேசிப்போட்டாள் அக்கா. அவ்வளவு தூரம் போற அம்மாவை ஒண்டும் குடுக்காமலா அனுப்பிற எண்டு கேட்டாள்."

வேலை தொடங்கும் முன் முழங்கை வரை கழுவினான். நெற்றியில் திருநீறு இருந்தது, கையில் ஒன்றும் இல்லை. அந்த அம்மாவை அவன் படுக்க வைத்த விதத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. பஞ்சுத் தலையணையைத் தலைக்குக் கீழே கொடுக்கும்போது, நோகிறதா என்று கேட்பதுபோல ஒருதரம் முகத்தைப் பார்த்தான். மூடியை வைத்து முடுக்கியதும் வீரெமு வந்தார். அவனுடைய தோளைப் பிடித்து இழுத்து, மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் வைத்து நின்றார். அவர்கள் மனிதரை மனிதர் மதிக்கிற முறை அது.

மதியம் ஆகிவிட்டது. லொறி இன்னும் வாசலில் நின்றது, துறைமுகத்தில் இருந்து அனுமதி வரவில்லை. சாப்பாட்டு அறையில் எல்லாரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். யோகன் தன்னுடையதை மூடியபடி முன்னால் வைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப்பிடன்ரா," என்றேன்.

"அவ போகட்டும் அக்கா," என்றான். "வந்தவ வெறும் வயித்தோட வாசல்ல நிக்கிறா. நான் எப்படித் திங்கிற?"

என் கையில் ஒரு வாய் சோறு இருந்தது. அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். லொறி புறப்படும் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.